காலை ஊன்ற விடாத நர்ஸம்மா

இல்ல டாக்டரம்மா, வலியெல்லாம் பெருசா இல்ல. நீங்கதான் பாத்தீங்களே, இப்பக்கூட இந்தக் கம்பியப் புடிச்சுக்கிட்டு அந்தக் கோடி வரைக்கும் போயிட்டு வந்தேன். முறிஞ்ச எலும்பு வெலகல, கணுக்கால் கெட்டியா இருக்கு, கட்டுக்குப் பதிலா இந்த பூட்ஸ மாட்டிக்கிட்டு தாராளமா ஊன்றி நடங்கன்னு பெரிய டாக்டரும் எக்ஸ்ரேயக் காட்டித்தான் சொன்னாரு. எனக்குப் புரியாம இல்ல. லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவன் நான். ஓட்டாமப் போட்டு வெச்ச மெஷின் என்ன கதியாகும்னு எனக்குத் தெரியாதா?

கெண்டைக்கால் சூம்பிப் போச்சுன்னு நீங்க கோவிச்சுக்கறது நியாயந்தான். வீட்டுல ஊன்றறதே இல்ல, ஒத்துக்கறேன். விடமாட்டேங்கறாங்கம்மா. வீட்டுல நர்ஸம்மா இருக்காங்க.

ஆமா, முறையாப் படிச்சவங்கதான். பெரிய ஆஸ்பத்திரியில எலும்பு வார்டையே கட்டி மேச்சவங்க. அவங்க காலத்துல கட்டுப் போட்டா போட்டதுதான், பாதம் தரையில படக் கூடாது. அதே பிடிவாதம் இப்பவும். கட்டில்லேர்ந்து கால எறக்கினாப் போதும், யாரக் கேட்டு எறங்குறீங்கன்னு ஒரு அதட்டல். அப்பறம் அவங்களே தலகாணிய அடுக்கி, காலத் தூக்கி மேல வெச்சு, வெரல ஒவ்வொண்ணா அமுக்கிப் பாப்பாங்க. ரத்தம் ஓடுதான்னு. நகம் செவக்குற வரைக்கும் குனிஞ்சு பாத்துக்கிட்டே இருப்பாங்க. கை அவ்வளவு மெதுவு.

வேற ஆள் வேணாம்மா. நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க. அவங்கள மாத்தறதுங்கற பேச்சுக்கே எடமில்ல.

நீங்க அவங்ககிட்ட போன்ல பேசிப் பிரயோஜனமில்ல. அவங்களுக்கு மறதி. முத்திப் போச்சு. மொதல்ல அடுப்ப மறந்தாங்க, அப்பறம் தெருவ, அப்பறம் பெத்த மகள. எப்படியோ வார்டு மட்டும் தங்கிடுச்சு.

அப்படிப் பாக்காதீங்க. உங்களுக்கு முழுசாச் சொல்லிடறேன். சீட்டுல எழுதியிருக்கற மாதிரி நான் படியில வழுக்கி விழலம்மா. மருந்து வாங்கிட்டு உள்ள நுழைஞ்சேன், யாருடா நீ, இங்க என்ன வேலைன்னு புடிச்சுத் தள்ளிட்டா. வேணும்னு இல்ல, பயந்துட்டா. ரொம்ப நாளாவே அப்படித்தான். என் தலையக் கண்டாலே ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்குவா. நான் குடுத்தா தண்ணிகூடக் குடிக்க மாட்டா. இந்தக் காலோட வீட்டுக்குப் போனேன் பாருங்க, கட்டப் பாத்ததும் அந்த மொகமே மாறிடுச்சு. மெதுவா வாங்க, என் தோளப் புடிச்சுக்குங்கன்னு வந்து தாங்கினா. அவ என்னத் தொட்டு எத்தன காலமாச்சு. நான் அங்கயே அழுதுட்டேன். வலின்னு நெனச்சுக்கிட்டு தலையத் தடவிக் குடுத்தா.

இப்பச் சொல்லுங்க, எனக்கு எப்படிம்மா நடக்க மனசு வரும்? நடந்துட்டா மறுபடியும் எவனோ ஒருத்தன்தானே.

தெரியுது. நானும் படுத்துட்டா அவளத் தாங்க ஆளில்ல. அதனாலதான் ஒரு ஒத்தாச கேக்கறேன். வெளிய பெஞ்சுல மகளோட உக்காந்திருக்கா. உள்ள கூப்பிட்டு, சிஸ்டர், பேஷண்ட் இன்னைலேர்ந்து கால ஊன்றலாம், நீங்கதான் புடிச்சு நடக்க வைக்கணும்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. டாக்டர் சொன்னா தட்ட மாட்டா. அவ கையப் புடிச்சுக்கிட்டுன்னா நான் நடந்துடுவேன்.

ஆமாம்மா, கால் சரியானப்பறம் என்னாகும்னு நானும் யோசிக்காம இல்ல. நேத்து அவளே அந்தப் பேச்ச எடுத்தா. எங்க கல்யாண போட்டோவுக்குக் கீழ நின்னு போர்வைய மடிச்சுக்கிட்டே, சீக்கிரம் நடந்துடுவீங்க, வீட்டுக்கு அனுப்பிடறேன், பாவம் உங்க சம்சாரம் அங்க தனியா இருப்பாங்கன்னா.

ஆமா சிஸ்டர், தனியாத்தான் இருக்கான்னேன்.