உள்ளிருந்து வந்த முகவரி

இவ்வளவு நாளும் ஒரு கூட்டாளியின் மச்சானுக்கு நடந்தது என்றே இதைச் சொல்லி வந்தேன். அது பொய். எனக்குத்தான் நடந்தது. இந்தப் பள்ளி முற்றத்து விளக்கைக் கொஞ்சம் குறையுங்கள்... உங்கள் முகம் பார்த்துச் சொல்ல முடியாது.

பகல் இரண்டு மணி. கல்முனைக்குடி கடற்கரை வீதியில் ஒரு நாய்கூட இல்லை. அந்த வெயிலில்தான் என் மகளின் மாப்பிள்ளை, கம்பியூட்டர் திருத்தும் றிபாஸ், நான் வேலை பார்க்கும் கந்தோருக்கு வந்தார்.

அந்தக் கந்தோர், என் தங்கை ஹிமாயாவுக்குச் சீதனமாக வாப்பா கட்டிய வீடு. பத்திரம் என் பெயரில் இருந்தது; நான் எழுதிக் கொடுக்கவில்லை. வருடம் வருடமாகக் கடத்தினேன். அவள் காரைதீவு எல்லையில், வாடகை வீட்டிலேயே கண்மூடி மௌத்தானாள்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த மறுநாள் பிரிண்டர் தானாகக் கடதாசி தள்ளத் தொடங்கியது. எல்லாவற்றிலும் ஒரே வரி: "காக்கா, என்ட வூட்டத் தாங்க." அண்ணனான என்னை அவள் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

அவள் புருஷன் பதியுதீன் தன் வீட்டிலிருந்து அனுப்பும் வேலை என்று நினைத்தேன். ஜும்ஆத் தொழுகை முடிந்து ஊரே நிற்க, இதே பள்ளி முற்றத்தில் அவனை வீடு பறிக்கும் கள்ளன் என்றேன்.

"அல்லாஹ் அறிவான், மச்சான்" என்று மட்டும் சொல்லிப் போனான்.

றிபாஸ் திரையைப் பார்த்தார். "மாமா, அனுப்புற முகவரி 192.168 எண்டு தொடங்குது."

"அவன்ட வூடுதானே?"

"இல்ல மாமா. அது வூட்டுக்குள்ள பாவிக்கவெண்டே ஒதுக்கி வெச்ச நம்பர். உங்கட வூட்டுலயும் இரிக்கும், என்ட வூட்டுலயும் இரிக்கும். ரோட்டுக்குப் போகாது, ரோட்டால வரவும் மாட்டாது. பதியுதீன் மாமாவால அங்கிருந்து அனுப்ப ஏலா. அனுப்புற ஆள் இந்த வூட்டுக்குள்ளதான்."

"இங்க நான் மட்டும்தான்."

ரவுட்டரின் வயரைப் பிடுங்கினார். பிரிண்டர் மறுபடி... க்ர்ர்ர். அவளை அடக்கிய அன்றுபோல் கற்பூரமும் ஈரக் கபன் துணியும் மணத்தன.

"இப்ப 127 எண்டு காட்டுது."

"அது எங்க?"

"ஒரு இடமுமில்ல மாமா. மெசின் தன்னோடயே கதைக்கிற முகவரி."

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு, ஒருவரும் காணாமல், பின் ஒழுங்கையால் பதியுதீன் வீட்டுக்குப் போனேன். ஹிமாயாவின் மகள் அஸ்னாவின் பெயருக்கு வீட்டு உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். கள்ளன் என்றதைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

வீட்டைக் கொடுத்தபின் அந்த வரி வரவில்லை. ஆனாலும் பிரிண்டரைக் கழற்றிக் கடலில் போட்டேன்.

பதியுதீன், நீயும் அந்த மூலையில் இருக்கிறாய். ஊர் கேட்கச் சொல்கிறேன்: நீ கள்ளனில்லை. நான்தான்.

இன்று மஹ்ரிபுத் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளுச் செய்யக் குனிந்தபோது சட்டைப் பையில் ஒரு கடதாசி சரசரத்தது. "பள்ளி முத்தத்தில சொன்னத்த பள்ளி முத்தத்திலயே திருப்பி எடுங்க, காக்கா."

இந்தா... தொட்டுப் பாருங்கள். மை இன்னும் காயவில்லை.