கரும்பாறை முறிந்த இடம்

செங்கல்பட்டு மாவட்டம், பள்ளிப்பட்டு காவல் நிலையத்தில் 1974-ஆம் வருடம் ஆகஸ்டு மாதம் சப்-இன்ஸ்பெக்டர் முன்பாகக் கொடுத்த வாக்குமூலம்.

என் பெயர் கோமளவல்லி, வயது 29. தகப்பனார் ஸம்பத்குமார், திருவள்ளூர் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் கைங்கரியம் செய்கிறவர். எங்கள் வீடு திருவள்ளூர் சந்நிதித் தெருவில் இருக்கிறது. நான் ஆந்திராவில், வால்டேரில் உள்ள பல்கலைக்கழகத்தில் புவிபௌதிகம் படித்து எம்.எஸ்ஸி. தேறினேன். கடந்த இரண்டு வருடமாக ஸ்வர்ணகிரி கனிமத் தேடல் கம்பெனியில் சர்வே அதிகாரியாக வேலை பார்க்கிறேன். கம்பெனி மேலாளர் தணிகாசலம் என் மீது கொடுத்துள்ள புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அதற்கு நான் சொல்வதாவது:

பள்ளிப்பட்டுக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய கரட்டு மேட்டில் தங்கம் இருக்குமா என்று பார்க்கக் கம்பெனிக்கு அனுமதி கிடைத்தது. அதன் பிறகு அந்த மேடு முழுவதையும், காந்த விசையைக் காட்டும் காந்தமானி என்ற கருவியால் அளக்கும் வேலை எனக்குத் தரப்பட்டது. பக்கத்தில் இரும்பு இருந்தால் கருவி தப்பாகக் காட்டும் என்பதால் நான் கொண்டை ஊசிகூடப் போடாமல் தலையை நூலால் கட்டிக்கொண்டேன். என்னுடன் முளை அடித்துக் கயிறு பிடித்த முனுசாமி அரைஞாணில் தொங்கிய சூரிக் கத்தியைத் தினமும் கூடாரத்தில் கழற்றி வைத்துவிட்டு வருவார். வரிசை வரிசையாக நடந்து அளந்து, அளவுகளை வரைபடமாக்கினேன்.

அதில் மண்ணுக்கடியில் சுவர் போலக் கிழக்கு மேற்காக ஓடும், இரும்புச் சத்துள்ள ஒரு கரும்பாறை தெரிந்தது. மேட்டின் கிழக்கே ஓடை இருக்கும் இடத்துக்கு வரும்போது அந்தச் சுவர் முறிந்து, ஒரு துண்டு வடக்காக விலகிப் போயிருந்தது. பாறை முறிந்த இடைவெளியில் எல்லாம் நொறுங்கிக் கிடக்கும். தங்கம் தாங்கும் வெள்ளைக்கல் அந்த மாதிரி விரிசல்களில்தான் ஊறி உறையும். ஆகவே ஓடைப் பக்கம் தோண்டலாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

மேலாளர் அதை ஏற்கவில்லை. நம் பக்கத்தில் பூமியின் காந்த விசை ஏறக்குறைய படுத்த வாக்கில் இருக்கிறது. அதனால் கிழக்கு மேற்காக ஓடும் கரும்பாறைக்கு மேலே கருவியில் அளவு குறையும். குளிர்நாட்டுப் புத்தகங்களில் அளவு கூடும் என்றுதான் போட்டிருக்கும், அந்த ஊருக்கு அது சரி. அவர் புத்தகத்தைப் பார்த்து, அளவு குறைந்த இடத்தில் பாறை இல்லை, இளகிய மண் என்று தீர்மானித்து, மேட்டின் வடக்கு அடிவாரத்திலிருந்து அந்த இடத்தை நோக்கிச் சுரங்கம் வெட்டச் சொன்னார். அது கரும்பாறையில் போய் முட்டியது. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் வெடி கூட்டிக்கொண்டே போனார்கள்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை சுரங்க முனையில் ராஜமாணிக்கம், வரதன் இருவரும் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். வெடிகளால் ஏற்கனவே ஆடிப்போயிருந்த வாய்ப்பக்கத்துக் கூரை அப்போது இடிந்து இறங்கியது. நாங்கள் ஓடிப் போய் மண்ணை அள்ள அள்ள மேலும் சரிந்தது. அதன் பிறகு, துளைக் கருவிக்குக் காற்று கொண்டுபோகும் இரும்புக் குழாயில் டக் டக்கென்று சத்தம் வந்தது. நான் வெளியே இருந்த அதன் முனையைக் கழற்றச் சொல்லி அதில் வாய் வைத்துக் கூப்பிட்டேன். ராஜமாணிக்கத்தின் குரல் கேட்டது.

"ஐயிரம்மாவா? ரெண்டு பேரும் உசுரோட கீறோம். வரதன் கால் மேல கல்லு வுயுந்துட்ச்சி. கொயா வயியா காத்து வருது. தண்ணி தான் இல்ல."

ராஜமாணிக்கம் மீஞ்சூர்க்காரர். முன்பு நாற்று நட்டு, பிறகு கும்மிடிப்பூண்டிப் பக்கம் இரும்புப் பட்டறையில் வேலை பார்த்து, எங்களிடம் வந்தவர். அவருடைய மனைவி மேரி எங்கள் சுரங்கத்தில் மண் கூடை சுமக்கிறவர். அவர் என்னைத் தள்ளிவிட்டுக் குழாயில் பேசினார்.

"யோவ், தைரியமா இரு. உன்ன இட்டுக்கினு தான் நான் ஊட்டுக்குப் போவேன்."

அதன் பிறகு நான் குழாய் வழியாகச் சர்க்கரை கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். குழாய் உட்பக்கமாகச் சரிவாக இருந்ததால் தண்ணீர் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

மேலாளர் வந்து, சுரங்க முனைக்கு நேர் மேலே மேட்டின் உச்சியிலிருந்து குழி இறக்கச் சொன்னார். நான் மறுத்தேன்.

"சார், அங்கே கீழே கரும்பாறை இருக்கு. கடப்பாரையால ஒண்ணும் ஆகாது. வெடி வெச்சா உள்ளே இருக்கறவா தலை மேலேயே இடிஞ்சு விழும்."

"அளவு கொறைஞ்ச எடத்துல பாறை ஏதும்மா? எந்த புக்ல வேணா பாருங்க."

ஓடைக் கரையிலிருந்து மேற்கே தோண்டினால், கரும்பாறை முறிந்த நொறுங்கலுக்குள்ளேயே போய்ச் சுரங்க முனையின் பக்கவாட்டில் சேரலாம், தூரம் நாலு ஆள் நீளம்தான் என்று வரைபடத்தை விரித்துக் காட்டினேன். அவர் பார்க்காமல் மேட்டின் மேல் ஏறிவிட்டார். ஆட்களில் பெரும்பாலோர் அவர் பின்னால் போனார்கள். என் வரைபடம் தப்பானால் இரண்டு உயிர் போகும் என்பது எனக்குத் தெரியும். மேரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெஜமா தெரியுமா ஐயிரம்மா?"

"தெரியும், மேரி."

"அப்ப தோண்டு."

அதன் பிறகு மேரியும் மற்ற கூடைக்காரப் பெண்களும் நானும் ஓடைக் கரையில் தோண்ட ஆரம்பித்தோம். முதலில் செம்மண், பிறகு கையால் உதிரும் நொறுங்கல் கல் வந்தது. சரியாமல் இருக்கச் சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்துக்கொண்டே உள்ளே போனோம்.

மத்தியானத்துக்குள் மேட்டின் மேல் தோண்டிய குழியில் இடுப்பளவு ஆழத்தில் கரும்பாறை வந்தது. கடப்பாரை முனை மழுங்கியது. மேலாளர் வெடி வைக்க உத்தரவிட்டு, வெடிமருந்து அறையின் சாவியைக் கேட்டு ஆள் அனுப்பினார். சுரங்க வேலை தொடங்கியதிலிருந்து அறைக்குப் பொறுப்பு முனுசாமி. அவர் சாவியை என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "நீ வெச்சிக்க தாயீ, என்கிட்ட இருந்தா புடுங்கிக்குவான்" என்றார். நான் அதை மடியில் செருகிக்கொண்டேன். மேலாளர் இறங்கி வந்து கேட்டார். தரமாட்டேன் என்று சொன்னேன். வேலையை விட்டு எடுத்துவிடுவதாகச் சொன்னார். எடுத்துக்கொள்ளுங்கள், சாவி மட்டும் கிடையாது என்றேன். சாவியைப் பறித்தேன் என்ற புகார் பொய். கொடுக்க மறுத்தேன் என்பது மெய்.

மேலே குழியில் நின்ற ஆட்கள் கரும்பாறையைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள். அதன் பிறகு ஒருவர் பின் ஒருவராகக் கடப்பாரையோடு ஓடைக்கு இறங்கி வந்தார்கள். முறை போட்டு விடாமல் தோண்டினோம். கரும்பாறையின் முறிந்த ஓரம் எங்கள் இடது கைப்பக்கம் சுவராக வந்தது. வரைபடத்தில் நான் போட்ட கோடு இருந்த இடத்திலேயே அது இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தொடர்ந்து தோண்டச் சொன்னேன்.

மறுநாள் முற்பகலில் நொறுங்கலுக்கு நடுவே வெள்ளைக்கல் வந்தது. வெளிச்சத்தில் கொண்டுவந்து பார்த்தபோது அதில் தங்கம் மஞ்சளாக, கண்ணுக்கே தெரிகிற அளவில், இழை இழையாக இருந்தது. ஒருவரும் குனிந்து பொறுக்கவில்லை. கூடையில் அள்ளி ஓடையில் கொட்டிவிட்டு மறுபடி உள்ளே போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் கடப்பாரை வெற்றிடத்தில் இறங்கியது. அந்த ஓட்டை வழியாக ஒரு கை வெளியே வந்தது. மேரி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, ஓட்டையைப் பெரிதாக்கும் வரை விடவே இல்லை. முதலில் வரதனைப் பலகையில் படுக்கவைத்து இழுத்தோம். அதன் பிறகு ராஜமாணிக்கம் தானே தவழ்ந்து வந்தார். வெயிலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு, "நாஷ்டா இருக்குதா?" என்று கேட்டார். மேடு முழுவதும் நின்ற ஜனங்கள் ஒன்றாகக் கத்திய சத்தம் பள்ளிப்பட்டுக் கடைத்தெரு வரை கேட்டதாகச் சொன்னார்கள். நானும் கத்தினேன்.

மேலாளர் உத்தரவை மீறியது, கம்பெனி ஆட்களையும் சாமான்களையும் அனுமதியில்லாமல் உபயோகித்தது, சாவியைத் தர மறுத்தது எல்லாம் நான் செய்தவை. யாரும் என்னைத் தூண்டவில்லை. இனி இப்படி நேர்ந்தாலும் இதையே செய்வேன். ஓடையில் கொட்டிய தங்கக் கற்களில் பிறகு எடுத்துவைத்த சிலவற்றை இத்துடன் ஒப்படைக்கிறேன். சாவியையும் ஒப்படைக்கிறேன்.

நான் சொன்னபடியே எழுதப்பட்டிருப்பதைப் படித்துப் பார்த்துக்கொண்டேன். இதில் கூட்டியோ குறைத்தோ எதுவும் இல்லை. சாட்சி வேண்டுமானால், ராஜமாணிக்கமும் காலில் கட்டோடு வரதனும் காலையிலிருந்து நிலையத்தின் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். கூப்பிட்டால் உள்ளே வருவார்கள்.

(ஒப்பம்) ஸ. கோமளவல்லி