நாலு நிமிஷ அழுகை

ஜெயசீலி: …அந்தச் சேர்ல ஒக்காராத சார், கால் ஒடஞ்சிகீது. கட்டில்ல ஒக்காரு.

குமரவேல்: பரவாயில்லம்மா. நின்னுக்கறேன்.

ஜெயசீலி: நின்னுகினே எவ்ளோ நேரம் பேசுவ? வந்து பத்து நிமிசம் ஆவுது. எம் புருசன் கால் எப்டி கீதுன்னு கேட்ட, எம் புள்ள எபி வேலையக் கேட்ட, மாதா கோயில்ல பெயின்ட் அடிச்சாங்களான்னு கேட்ட. நான் கழுவிகினு இருக்கற இந்த சங்கரா மீனோட சௌக்கியம் ஒண்ணுதான் பாக்கி.

குமரவேல்: அந்த வாய் அப்படியே இருக்கு உனக்கு.

ஜெயசீலி: வாய் கீது. பல்லு ரெண்டு போச்சு. ஆப்பிள்லாம் இன்னாத்துக்கு சார்? என்ன வச்சி நீ படம் எடுத்து பதினாறு வருசம் ஆச்சு. நீ கீற மாடம்பாக்கம் இன்னா லண்டன்லயா கீது? ஒரு நாளு எங்க பள்ளிக்கரணைப் பக்கம் எட்டிப் பாத்துகீறியா?

குமரவேல்: வரணும் வரணும்னுதான்…

ஜெயசீலி: வர்ல. வுடு.

குமரவேல்: ஓவியான்னு ஒரு பொண்ணு போன் பண்ணுச்சா?

ஜெயசீலி: ஆங்… இப்பதான் டைரக்டரு விசயத்துக்கு வராரு. பண்ணுச்சு. நாளைக்கி வருதாம். உன்னப் பத்தி புக்கு எழுதுதாமே? ஏழு படம் எடுத்தியாமே சார்? எனக்கு ஒண்ணுதான் தெரியும்.

குமரவேல்: கடைசி மூணு யாருக்குமே தெரியாது. ஒரு வாரம் கூட ஓடல.

ஜெயசீலி: அதுலயும் எங்கள மாரி ஆளுங்கதானா?

குமரவேல்: எல்லாத்துலயும். குரோம்பேட்டையில பூ கட்டறவங்க, தோல் ஃபேக்டரியில வேலை பாத்தவங்க… நடிகர்னு ஒருத்தர் கிடையாது. மேக்கப் கிடையாது. அதனாலதான் என் படம்னா எல்லாமே நிஜம்னு…

ஜெயசீலி: ஒரு தபா வச்ச ஆள மறு தபா வெக்கமாட்ட. அதுவும் தெரியும்.

குமரவேல்: யார் சொன்னா?

ஜெயசீலி: சவுண்டு எடுப்பாரே, பட்டாபிராமன் சாரு. உன் ரெண்டாவது படத்துக்கு என்னக் கூப்புடுவியான்னு அவருக்குத்தான் போன் போட்டேன். ‘கூப்புடமாட்டாரும்மா, ரெண்டாவது தடவை கேமரா முன்னாடி வந்தா ஆளுங்க நடிக்க ஆரம்பிச்சிடுவாங்கன்னு சொல்றாரு’ன்னாரு.

குமரவேல்: நீ… சான்ஸ் கேட்டியா?

ஜெயசீலி: ஒரு வருசம் கேட்டேன். அப்றம் கம்பெனியில கக்கூஸ் கழுவப் பூட்டேன். வுடு சார். அந்தப் பொண்ணு வந்தா உனக்கு இன்னா பேஜாரு?

குமரவேல்: பட்டாபி அதுகிட்ட எதையோ உளறியிருக்கான். ‘அந்த நாலு நிமிஷ ஷாட் எப்படி வந்துச்சுன்னு ஜெயசீலியையே கேளுங்க’ன்னு.

ஜெயசீலி: எந்த ஷாட்டு?

குமரவேல்: தெரியாத மாதிரி கேக்காதம்மா. ரோட்டுல விழுந்து அழுவியே… அந்த நாலு நிமிஷத்துக்காகத்தான் உலகம் பூரா என்னைக் கூப்பிட்டாங்க. சினிமா படிக்கற பசங்களுக்குப் பாடமாக் காட்டறாங்க.

ஜெயசீலி: காட்டட்டும்.

குமரவேல்: அன்னைக்கு நான் உங்கிட்ட… ஒரு பொய் சொன்னேன்.

ஜெயசீலி: ‘எபிய தண்ணி லாரி அடிச்சிடுச்சு, சிக்னல்கிட்ட கெடக்கறான், மூச்சு இல்ல’ன்னு சொன்ன. எட்டு வயசு அவனுக்கு.

குமரவேல்: வேன்ல ஒளிச்சு வச்சிருந்தோம். வாசல்ல கேமராவ ஓட விட்டுட்டு உள்ள வந்து சொன்னேன். வேற வழி தெரியல ஜெயசீலி. புள்ள செத்த சேதி கேக்கற சீன். காலைலேர்ந்து நீயும் அழுதுகாட்டற, எல்லாம் நடிப்பாவே தெரியுது. வெளிச்சம் வேற போயிட்டிருந்துச்சு…

ஜெயசீலி: ‘நடிக்காத, நடிக்காத’ன்னு தொண்ட கிழியக் கத்துன.

குமரவேல்: முடிஞ்சதும் உன் கால்ல விழுந்திருக்கணும். கைதட்டினேன். யூனிட்டே கைதட்டுச்சு. பையன இறக்கி உன் மடியில விட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டோம்.

ஜெயசீலி: இத்த சொல்லவா ஆப்பிளு வாங்கியாந்த?

குமரவேல்: மன்னிப்புக் கேக்கத்தான்…

ஜெயசீலி: அது மட்டுமா? அந்தப் பொண்ணு நாளைக்கி வருது, நீ இன்னிக்கி வந்து நிக்கற.

குமரவேல்: …சரி. அடுத்த மாசம் வெளிநாட்டுல என் ஏழு படத்தையும் ஒண்ணாக் காட்டறாங்க. வாழ்நாள் விருது தராங்க. ஒரு அம்மாவ இப்படி ஏமாத்தி அழ வச்சான்னு தெரிஞ்சா தூக்கிப் போட்டுடுவாங்க. படம் போயிடும், பேரும் போயிடும். வீட்டுக்காரி தவறிப்போய் ரெண்டு வருஷமாச்சு. இனிமே இன்னொரு படம் எடுக்க யாரும் விடப்போறதில்ல. அந்த ஏழுதான் எனக்கு மிச்சம்.

ஜெயசீலி: அதனால?

குமரவேல்: தானா அழுகை வந்துச்சுன்னு சொல்லிடும்மா. நான் எதுவும் சொல்லலன்னு சொல்லிடு.

ஜெயசீலி: சரி.

குமரவேல்: சரியா?

ஜெயசீலி: நீ பொய் சொன்னத நான் சொல்லமாட்டேன் சார். மாதா மேல சத்தியம். எனக்கு அதுல கோவம்கூட இல்ல.

குமரவேல்: எப்படிம்மா? புள்ள செத்துட்டான்னு நெனச்சு அப்படி அழுத பொம்பளைக்குக் கோவம் இல்லாமப் போகுமா?

ஜெயசீலி: மூணு அடிதான் நெனச்சேன்.

குமரவேல்: என்ன மூணு அடி?

ஜெயசீலி: நீ சொன்னதும் அலறிகினு வாசப்படியத் தாண்டுனேனா… மூணாவது அடில உன் வேனு கண்ணாடி தெரிஞ்சுது. உள்ள எபி பரோட்டா தின்னுகினு கீறான்.

குமரவேல்: …என்ன சொல்ற நீ?

ஜெயசீலி: பாத்துட்டேன்றேன். மொதல்ல செருப்பக் கழட்டி உன் மூஞ்சில அடிக்கலாம்னுதான் வந்துச்சு. அப்றம் கேமரா ஓடறதப் பாத்தேன். இந்தாளு இதுக்குத்தான் இம்மாம் வேல பண்றான், இந்தா வாங்கிக்கோன்னு வுழுந்தேன்.

குமரவேல்: இல்ல. இருக்காது. மண்ண வாரி இறைச்சியே… நடுவுல குரல் ஒடைஞ்சு சத்தமே வராம வாய் மட்டும் அசைஞ்சுதே… அது நிஜம். எனக்குத் தெரியாதா? வாழ்க்கை பூரா மனுஷங்க மூஞ்சிய மட்டும்தான் பாத்துட்டிருக்கேன்.

ஜெயசீலி: மண்ண வாரினா நல்லாருக்கும்னு தோணுச்சு, வாரினேன். கொரல நான்தான் நிறுத்துனேன். எங்க தெருவுல பெத்தவ அழுது எத்தினி தபா பாத்துகீறேன். உன் கேமராக்காரு இந்தாண்ட சுத்தி வர்ற வரைக்கும் தலயத் திருப்பாம காத்துகினுகூட இருந்தேன். பாவம், தடுக்கி வுழப் பாத்தாரு.

குமரவேல்: அப்பவே ஏன் சொல்லல?

ஜெயசீலி: சந்திரிகா அக்காவ ஞாபகம் கீதா? மூணு நாளு உனக்கு நடிச்சுது. ‘இது நடிக்குது’ன்னு மொத்தத்தையும் வெட்டிட்ட. அது தெரியாம சொந்தக்காரங்க பதினோரு பேர இட்டுகினு தாம்பரம் தேட்டருக்குப் போச்சு. படத்துல அதோட முதுகு மட்டும்தான் வந்துச்சு. சொல்லு சார், நான் நடிச்சேன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா வெட்டியிருப்பியா மாட்டியா?

குமரவேல்: வெட்டியிருப்பேன்.

ஜெயசீலி: அதான். அடுத்த படத்துக்குக் கூப்புட்டா சொல்லிக்கலாம்னு கம்முனு இருந்தேன். நீ கூப்புடவே இல்ல.

குமரவேல்: நாளைக்கு… அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்லப்போற?

ஜெயசீலி: நடிச்சேன்னு சொல்லுவேன். வேற ஒண்ணும் சொல்லமாட்டேன், பயப்படாத. பதினாறு வருசமா பாக்கறவன் எல்லாம் ‘பாவம்மா நீ’ன்றான். ஒருத்தனும் ‘நல்லா நடிச்ச’ன்னு சொன்னதில்ல.

குமரவேல்: ஜெயசீலி… வேணாம். நான் பொய் சொன்னதையே சொல்லிடு. உன் புள்ள செத்துட்டான்னு ஏமாத்தி அழ வச்சான் படுபாவின்னு சொல்லு. விருது போனாப் போகட்டும். நடிச்சேன்னு மட்டும் சொல்லிடாத.