மொட்டை மாடியில சத்தமே இல்ல

...கேக்குதா? நல்லா காதக் குடுத்துக் கேளுங்க எல்லம்மா. நம்ம தலைக்கு மேல, அந்த மொட்டை மாடியில, ஒரு ஸ்கூல் வேன் நெறைய பசங்க இருக்குது. ஒரு சின்ன சத்தம்? ஒரு சிரிப்பு? ஒரு சண்ட? எதிர்வீட்டு மிக்ஸி கேக்குது. மெயின் ரோட்ல பஸ்ஸு ஆரன் அடிக்கிறது கேக்குது. பசங்க மட்டும் கேக்கல. இது சம்மர் கேம்பா, பரீட்ச ஹாலா? நீங்களே சொல்லுங்க... இருங்க இருங்க, சொல்லாதீங்க, நான் முடிச்சிக்கிறேன்.

உங்க பார்கவி வீட்ல வாயத் தொறக்க மாட்டேங்குதுன்னுதான வந்திருக்கீங்க? தெரியும். ட்யூட்டி முடிஞ்சி, தோள்ல இருக்கற பேகக்கூட எறக்காம நேரா இந்த மௌரீன் மிஸ் வீட்டு வாசலுக்கு வந்திருக்கீங்கன்னா வேற எதுக்கு? காலையில சிந்து அம்மா வந்தாங்க. அதே கதைதான். 'மிஸ், சட்னி வேணும்னா பொண்ணு கேக்க மாட்டேங்குது, காலித் தட்ட விரலால சொரண்டிக் காட்டுது'ன்னு ஒரே பொலம்பல். கிரண் அப்பா இருக்காரே, அவரு இன்னும் மேல. பையனுக்குத் தொண்டையில என்னமோ ஆயிடுச்சின்னு டாக்டர்கிட்டயே கூட்டிட்டுப் போயிட்டாரு. டாக்டரு டார்ச் அடிச்சி 'ஆ சொல்லு'ங்கறாரு. இவன் யோசிக்கிறான்! 'ஆ' தமிழா இங்கிலீஷான்னு யோசிக்கிறான் எல்லம்மா! நான் என்னத்தச் சொல்ல, எங்க போய் முட்டிக்க!

உக்காருங்க. இந்தப் படியிலயே உக்காருங்க, சேரெல்லாம் மேல போயிடுச்சி. இன்னிக்கிப் பேரண்ட்ஸ் டே இல்ல? அதான். பலூன் கட்டியாச்சி, ரஸ்னா கலக்கி வெச்சாச்சி, எல்லாம் ரெடி. பேசறதுக்கு ஆளுதான் இல்ல.

நான் என்ன தப்பு பண்ணேன் சொல்லுங்க. ரூல்ஸு ஒண்ணு வெச்சேன். ஒண்ணே ஒண்ணு. கேம்புக்குள்ள வந்துட்டா இங்கிலீஷ்தான். தமிழோ கன்னடமோ உருதுவோ, ஒரு வார்த்த வந்துச்சின்னா அவுட். அவுட் ஆனவங்க படியில வந்து வாய்மேல விரல் வெச்சி உக்காரணும், அந்த கேம் முடியற வரைக்கும். இது தப்பா? எல்லா எடத்துலயும் இருக்கற ரூல்ஸுதான?

மொத நாளு பாத்திருக்கணும் நீங்க. படியில எடமே இல்ல! சும்னே, சும்மாதான், ஒரு பந்து தூக்கிப் போட்டேன், அவ்ளோதான். 'ஏய் இங்க குடுறா'ன்னு ஒருத்தன், 'கொடோ'ன்னு கன்னடத்துல ஒருத்தன், 'தேரே'ன்னு உருதுல ஒருத்தன். எல்லாரும் அவுட்டு! நானு, பந்து, வெயிலு, மூணு பேருதான் மேல பாக்கி. எங்க வீட்டுக்காரரு லாயிட் வந்து எட்டிப் பாத்துட்டு, 'கேம்பு கீழயா நடக்குது?'ன்னு கேட்டுட்டுப் போறாரு. அந்த மனுஷன் வாய வெச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டாரு. இப்ப என்னான்னா, 'இந்த மாதிரி கேம்பு வருஷம் பூரா வெச்சிக்கோ மௌரீன், மத்தியானம் நல்லா தூக்கம் வருது'ங்கறாரு. என் வயித்தெரிச்சல் அவருக்குத் தாலாட்டா இருக்குது!

அப்புறம் எப்பிடி மாறிச்சின்னு கேளுங்க. கேக்க வேணாம், நானே சொல்றேன். உங்க பொண்ணுதான். ஆமா, கோச்சிக்காதீங்க, உங்க பார்கவிதான் ஆரம்பிச்சி வெச்சது. எல்லாரும் அவுட் ஆவறாங்க, இது மட்டும் ஆவல. என்னாடான்னு பாத்தா, வாயே தொறக்கல! பந்து வேணும்னா கை நீட்டுது. வேணாம்னா தல ஆட்டுது. கீழ விழுந்து முட்டி தேஞ்சிடுச்சி, 'அம்மா'ன்னுகூட சொல்லல எல்லம்மா, பல்லக் கடிச்சிக்கிட்டு எழுந்து வந்துச்சி. கடைசி வரைக்கும் ஒரு தடவகூட அவுட் ஆவல.

ஒண்ண பாத்து ஒண்ணு. அவ்ளோதான், போதும். மறுநாளு சிந்து வாய மூடிச்சி. அப்புறம் கிரண். அப்புறம் பூரா செட்டும். 'குட் மார்னிங் சில்ட்ரன்'னா, தலைய இப்பிடி ஆட்டுதுங்க, மினிஸ்டரு கார்ல போற மாதிரி. ஏண்டா, குட் மார்னிங் இங்கிலீஷ்தானடா, அதையாவது சொல்லுங்கடான்னா, ம்ஹூம். வாயத் தொறந்தா அடுத்தது என்ன வரும்னு அதுங்களுக்கே கேரண்டி இல்லயாம். வீட்லயும் இதே கதைதான். நான் வீட்டுக்கு ரூல்ஸு போடல, சத்தியமா போடல. உங்க லைன்லயே சிந்து வீடும் இருக்குதில்ல? யாரு தமிழ் பேசறாங்கன்னு ஒண்ண ஒண்ணு ஜன்னல் வழியா வேவு பாக்குதுங்க!

நான் விட்டேனா? ஆக்டிவிட்டி மேல ஆக்டிவிட்டி. பேப்பர் கப்புல நூலு கட்டி டெலிபோன் செஞ்சி குடுத்தேன். இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. ரெண்டும் கப்ப காதுல வெச்சிக்கிட்டு நிக்குதுங்க! வாயில யாரும் வெக்கல. ரெண்டு பக்கமும் கேக்கறவங்கதான். நூலு மட்டும் நடுவுல ஆடிக்கிட்டு இருக்குது.

சரி, ஃப்ரூட் மார்க்கெட் வெப்போம், பேரம் பேசித்தான ஆவணும்னு பாத்தேன். பேரம் பேசினாங்களே! மாட்டுச் சந்தையில துண்டப் போட்டு மூடிக்கிட்டு விரலப் புடிச்சி வெல பேசுவாங்களே, அத எங்கயோ வீடியோவுல பாத்திருக்குதுங்க. கிரண் கர்சீப்ப எடுத்தான், சிந்து கை மேல போட்டான், உள்ள விரல அமுக்கினான். வாழப்பழம் வித்துப் போச்சி! முழு மார்க்கெட்டும் காலி, ஒரு வார்த்த இல்ல!

டிராமா போடுங்கடான்னேன். அதுலயாவது டயலாக் இருக்கும்ல? மிருகக் கத எடுத்துட்டாங்க. சிங்கமா வரவன் 'கர்ர்ர்'ங்கறான், மாடு 'மா'ங்குது, கழுதைக்குன்னு தனியா ரிகர்சலே நடந்துச்சி. அவுட்டுன்னு சொல்ல முடியுமா? கர்ஜன எந்த பாஷ? சொல்லுங்க பாப்போம்!

இதுல பக்கத்து வீட்டு பத்ரிநாத் சார் வேற. பெரிய மனுஷன், ரிட்டயர்டு. நாலஞ்சி நாளா அவரு மாடியில இருந்து பாத்திருக்காரு. பசங்க கையாலயே பேசிக்குதுங்க, நான் மட்டும் நடுவுல நின்னு கத்திக்கிட்டு இருக்கறேன். ஒரு நாளு பெரிய தாரு வாழப்பழத்தத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கறாரு. கண்ணு கலங்கிப் போச்சி மனுஷனுக்கு. 'காது கேக்காத பசங்களுக்கு இவ்ளோ பொறுமையா சொல்லித் தரீங்களே மேடம், நீங்க நல்லாருக்கணும்'ங்கறாரு! நானும் வாங்கிக்கிட்டேன். அந்தப் பழந்தான் மார்க்கெட்டுல வித்துச்சின்னு சொன்னனே, அதேதான்.

சிரிக்காதீங்க எல்லம்மா, சிரிக்காதீங்க. எனக்கும் சிரிப்பு வந்துடும், அப்புறம் அழுக வந்துடும். விஷயம் அதில்ல. இன்னிக்கி அஞ்சு மணிக்கி பிரின்சிபல் மேடம் வராங்க. பெரிய ஸ்கூலு, பேரு வேணாம், கண்ணு பட்டுடும். நான் வேல பாத்த சின்ன ஸ்கூல இழுத்து மூடினதுல இருந்து ட்யூஷனு ட்யூஷனுன்னு ஓட்டிக்கிட்டு இருக்கறேன், உங்களுக்குத் தெரியாததா. ஜூன்ல அங்க ஸ்போக்கன் இங்கிலீஷுக்கு ஒரு டீச்சர் வேணுமாம். சர்டிபிகேட் எல்லாம் பாத்தாங்க, மூடி வெச்சிட்டாங்க. 'பேப்பர் வேணாம் மௌரீன், உங்க கேம்புக்கு வரேன், பசங்க பேசறத என் காதால கேக்கணும்'னுட்டாங்க. காதால! மத்தவங்களுக்கு எல்லாம் பேப்பரப் பாத்தே வேல குடுக்கறாங்க, என் நேரம் பாருங்க.

மேல வந்து என்னத்தக் கேப்பாங்க? கழுதையக் கேப்பாங்க!

இல்ல, நீங்க என்னமோ சொல்ல வந்தீங்க... என்னா? ப்ரைஸா? எந்த ப்ரைஸு? ...ஓ, அந்த பென்சில் பாக்ஸா. அத... அது பார்கவி ஜெயிச்சதுதான். ஆமா நான்தான் குடுத்தேன். மொத நாளு சாயங்காலம். யாரு கம்மியா அவுட்டோ அவங்களுக்கு ப்ரைஸுன்னு சொல்லிட்டேன், சொன்னா குடுக்கணுமில்ல? எல்லாரையும் கை தட்டச் சொல்லி, பொண்ணத் தோள்ல தட்டி, 'எல்லாரும் பார்கவி மாதிரி இருக்கணும்'னு... சொன்னேன்... அய்யோ. அய்யோ எல்லம்மா. நானே சொல்லிக் குடுத்திருக்கறேன்! பேசாம இருந்தா பென்சில் பாக்ஸுன்னு நானே போர்டு மாட்டி வெச்சிருக்கறேன்! பசங்க என்ன பண்ணும்? டீச்சர் சொன்னத அப்பிடியே பண்ணிருக்குதுங்க. என் சர்வீஸ்ல எந்த கிளாஸும் சொன்னத இவ்ளோ ஒழுங்கா பண்ணதே இல்ல. இத்தன நாளு லாயிட்ட திட்டினேன், வெயில திட்டினேன், உங்க பொண்ண வேற... சாரிம்மா. சாரி. தப்பு என்னுதுதான்.

இப்ப போய் ரூல்ஸ எடுத்துட்டா? தமிழ்லயே பேசட்டும், கன்னடத்துலயே பேசட்டும், மேடம் என்னை அப்பிடியே...

எங்க பாக்கறீங்க? நான் இவ்ளோ பெரிய விஷயம் பேசறேன், நீங்க என் தோளுக்கு மேல... பின்னால என்னா?

ஆண்டவரே! எப்படா வந்தீங்க எல்லாரும்? பாருங்க எல்லம்மா, படிக்கட்டு பூரா! பூனக்குட்டி மாதிரி ஒரு சத்தம் இல்லாம வந்து உக்காந்திருக்குதுங்க! என்ன விரல விட்டு எண்றீங்க? கிரண், கால் விரல வேற எதுக்குடா தொட்டு எண்ற? என்னடி பார்கவி, என்னை எதுக்குக் கை காட்ற? வாயத் தொறந்து சொல்லு...

என்னது?

இன்னொரு வாட்டி சொல்லு. சொல்லுடி கண்ணு, சொல்லு... எல்லம்மா, கேட்டீங்களா! 'மிஸ், யூ ஆர் அவுட்'டாம்! உங்க பொண்ணு பேசிடுச்சி! முழுசா, தெளிவா, கண்ணப் பாத்து! மிஸ் யூ ஆர்... நானா? நான் எப்பிடி அவுட்டு? நான் உங்கம்மாகிட்ட சும்னே... தமிழ்லயா பேசினேன்? இவ்ளோ நேரமும்? அதத்தான் விரல விட்டு எண்ணிட்டு இருந்தீங்களா? ரூல்ஸ் உங்களுக்குத்தான்டா, மிஸ்ஸுக்கு இல்ல.

என்ன சிந்து? 'ரூல் இஸ் ரூல்'ஆ? யாரு சொன்னது? ...நான் சொன்னனா? 'ஈவன் ஃபார் மீ'ன்னா? மொத நாளா? நான் எதுக்கு அப்பிடி ஒரு வார்த்தய... சரி சொல்லிருப்பேன், வேகத்துல சொல்லிருப்பேன். ஆனா இது படி, மாடி இல்லயே! கேம்பு மேலதான! ஆங், பாத்தியா, இந்தப் பையன் என் கட்சி. 'ஸ்டேர்ஸ் நாட் கேம்ப்'. கரெக்ட்! கிரண், நீ என்ன சொல்ற? 'ஸ்டேர்ஸ் ஆல்சோ கேம்ப், ஐ வாஸ் அவுட் இன் ஸ்டேர்ஸ் ஒன்லி'யா? 'ஒன்லி'... சரி அத அப்புறம் திருத்திக்கலாம், பேசுடா ராஜா, பேசு! 'மிஸ் டாக்கிங், டாக்கிங், டாக்கிங், நோ ஸ்டாப்'... அது யாருடா சொன்னது? 'மிஸ் ஆஸ்க்கிங் பனானா ஃப்ரம் அங்க்கிள்'... கேக்கல, அவராதான் குடுத்தாரு! 'லயர்'ரா? யாரப் பாத்து லயர்ங்கற? எல்லாரும் ஒண்ணா கத்தாதீங்கடா, ஒவ்வொருத்தரா... இல்ல இல்ல, ஒண்ணாவே கத்துங்க! எல்லம்மா, இத பாருங்க, இத்தன நாளும் உள்ள சேத்து வெச்சிருந்திருக்குதுங்க! அத்தனையும் இங்கிலீஷு!

சரி பார்கவி, உக்காந்துட்டேன். அவுட். விரலும் வெச்சிட்டேன். போதுமா?

...எல்லம்மா, மெதுவா பேசறேன், வாசல் கேட்டு தொறக்கற சத்தம் கேட்டுச்சா? அய்யோ, மேடம்! மேடமே வந்துட்டாங்க. நான் போய் வாங்கன்னு சொல்லணும்... 'சிட் மிஸ்'ஆ? பார்கவி, மேடம்மா, கெஸ்ட்டுமா அவங்க... சரி, உக்காந்துட்டேன். நீங்களாவது எழுந்து போங்க எல்லம்மா. வேணாம், கிரண் ஓடிட்டான். என்ன சொல்றான் பாருங்க. 'கம் மேடம், மிஸ் டாக்கிங் தமிழ், ஸோ பனிஷ்மெண்ட்.' என் மானம் போச்சி. மேடம் மூஞ்சியப் பாருங்க... சிரிக்கறாங்களா? கொஞ்சம் நவுருங்க, எனக்குத் தெரியல. சிரிக்கறாங்க! ஹாண்ட்பேக வெச்சிட்டு கீழ்ப்படியிலயே உக்காந்துட்டாங்க. என்ன கேக்கறாங்க? என் மேல என்ன கம்ப்ளெயிண்ட்டுன்னா? ஒரு ஆளு விடாம எல்லாம் கைய தூக்குதே! வாழப்பழத்துல இருந்து ஆரம்பிக்குதுங்க. பத்ரிநாத் சார் வேற மேல இருந்து எட்டிப் பாக்கறாரு, வாயப் பொளந்துட்டாரு, பாவம், பசங்களுக்குக் காது வந்துடுச்சின்னு நெனச்சிருப்பாரு.

ஷ்ஷ். மேடம் என்னைப் பாக்கறாங்க.

என்னது மேடம்? ஜூன்லயா? ஸ்கூல் தொறக்கற அன்னிக்கே வேலைக்கி வரணுமா? நான்... நா...

பார்கவி, ப்ளீஸ். கேம் எப்பம்மா முடியும்? ...நாட் ஓவர்ஆ? அய்யோ, மேடம் வெயிட்டிங்டி கண்ணு. பார்கவி மிஸ்! பார்கவி மேடம்! ஒன் வேர்ட். ஒன் வேர்ட் ஒன்லி. எஸ். ஜஸ்ட் எஸ்...