மருமவளுக்க அப்ளைடு படிப்பு

அந்தப் போன கொஞ்சம் கீழ வைங்க அண்ணா. ரெஜிலா வெளிய போயிருக்கா, அவ போன் எடுக்கல்லன்னா அதுக்கு நான் என்ன செய்ய? எனக்க மவன் அங்கேருந்து உங்கள விரட்டினா, நீங்க என்னைய விரட்டுவியளா? அவ வந்த பொறவு அவளே எபினுக்க கூடப் பேசுவா. அவன் இன்னும் மஸ்கட்ல பிளைட்டே ஏறியிருக்க மாட்டான். ஏர்போர்ட்டுக்குப் போக நமக்கு எவ்வளவோ நேரம் கெடக்கு. காரு அங்க ரப்பர் மரத்து மூட்டுல நெழலுல நிக்கட்டு. இருங்க. குமாரதாஸ் அண்ணன் இந்தப் படி ஏறினதே இந்தக் கல்யாணம் பேச வந்தப்பதான். அதுக்குப் பொறவு ஒருக்கா வந்திய, மத்தபடி சபையில கண்டா ஒரு சிரிப்பு, அதோட செரி.

என்ன கேட்டிய? படிப்பு முடிஞ்சுதான்னா? முடிஞ்சு, முடிஞ்சு. அதும் ஒரு படிப்புன்னு கேக்க வந்தியளே.

நீங்கதானே அண்ணா சொன்னிய, பிள்ள ஐ.டி. படிக்குது, இனி ஒரு வருசந்தான் பாக்கி, கல்யாணம் கழிஞ்சும் படிக்கட்டும்னு. நான் என்னவோ இஞ்சினியருன்னு நெனச்சேன். வந்த பொறவுல்லா தெரியுது, பி.எஸ்ஸி. அப்ளைடு ஐ.டி.ன்னு. அப்ளைடுன்னா என்னதுட்டீன்னு கேட்டேன். படிச்சத ஜீவிதத்துல கொண்டு உபயோகிக்கது மாமின்னா. அப்பம் மத்தவிய படிக்குததெல்லாம் அட்டத்துல தூக்கிப் போடவாட்டீன்னு கேட்டேன். சிரிச்சா. அப்பம் அவளுக்குச் சிரிப்பு வரும்.

அந்தக் காலேஜ நீங்க கண்டிருக்க மாட்டிய. நான் கண்டேன். அவளுக்க சாருமாரு என்னைய வரச் சொல்லிவிட்டாவ. கம்ப்யூட்டர் லேப்புன்னு ஒரு ரூம், செருப்பக் கழத்திட்டுத்தான் உள்ள போகணும். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம். நானும் என்னவோ பரிசுத்த ஸ்தலம்னு பயந்து போனா, உள்ள பாதி கம்ப்யூட்டரு எழும்பவே செய்யாது. மேல பேன் ஓடாது. ஒரு சாரு இந்த வேக்காட்டுல கழுத்துல டை கட்டிட்டு நிக்காரு. கேட்டா கம்பெனிக்காரன் வந்தா பாக்கணும்லா அம்மான்னாரு. கம்பெனிக்காரன் அந்த ரூமுக்குள்ள வந்தா டையையா பாப்பான்?

வீட்டுல அதவிட மோசம். பரீட்ச வந்தா எனக்க கையில புஸ்தகத்தத் தந்துருவா. கேள்வியக் கேளுங்க மாமி, நான் பதில் சொல்லுதேன்னு. நான் மீன் அறுத்த கையத் தொடச்சிட்டு கேக்கணும். எனக்கு அதுல ஒரு வாக்கும் மனசிலாவாது, எழுத்துக்கூட்டி வாசிப்பேன். பிரைமரி கீயின்னா என்னன்னு கேட்டிருக்கு. ஒவ்வொரு ஆளையும் தனியா கண்டுபிடிக்க ஒரு நம்பர் வேணுமாம், இல்லன்னா ஆளு மாறிப்போகுமாம். ஏட்டி, நம்ம சபையில எத்தன யேசுதாசன் இருக்கான், பல்லு யேசுதாசன், பஸ்ஸு யேசுதாசன், பாட்டு யேசுதாசன், ஒருத்தனாவது மாறிப்போனானான்னு கேட்டேன். அத நான் பரீட்சையில எழுதப் போறேன் மாமின்னா. எழுதியும் வச்சா. மார்க்கும் போட்டிருக்கானுவ. அதுலயே தெரியல்லியா, எந்த லெச்சணத்துல படிப்பு நடக்குன்னு.

சாருமாரு என்னத்துக்குக் கூப்பிட்டாவன்னா? அத உங்களுக்கு எபின் சொல்லல்லியா? அவன் எப்பிடிச் சொல்லுவான்.

அங்க அவனுக்கு என்ன வேல? சேப்டி ஆபிசர். மேல ஏறுதவன் தொப்பி போட்டிருக்கானா, பெல்ட்டு மாட்டியிருக்கானான்னு பாத்துட்டு நடக்கணும். பாக்கி நேரமெல்லாம் இவளுக்க போன்லதான் கெடப்பான். காலேஜுக்குப் போகுத பஸ்ஸுல வீடியோ. லேப்புக்குள்ள வீடியோ. பக்கத்துல யாரு இருக்கான்னு போனச் சுத்திக் காட்டணும். கிளாசுல போன மேசையில நிறுத்தி வச்சிட்டு இருக்கணும், மஸ்கட்ல இருந்து அவன் பாப்பான். சாரு பாடம் நடத்தவா, இவனுக்க மூஞ்சியப் பாக்கவா? அதுக்குத்தான் என்னையக் கூப்பிட்டு, உங்க மருமவளுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்கன்னாரு அந்த டைக்காரரு. நான் சொன்னேன், மருமவளுக்கு நீங்க சொல்லிக் குடுங்க, அதுக்குத்தானே பீசு. எனக்க மவனுக்குச் சொல்லிக் குடுக்க ஏதாவது காலேஜ் உண்டுன்னா அட்ரஸ் தாங்க, சேத்து விடுதேன்னேன். அந்த மனுசன் டையப் பிடிச்சிட்டு நின்னாரு.

போன விடுங்க அண்ணா. மணியடிச்சா அடிக்கட்டும். எடுத்து என்னத்தச் சொல்லுவிய? அவ வந்துட்டான்னா, வரல்லன்னா? வந்த பொறவு சொல்லுங்க. பலகாரம் எடுத்துத் தின்னுங்க.

கடைசி வருசம் புராஜெக்ட்டுன்னு ஒண்ணு உண்டு. எல்லாப் பிள்ளையளும் யாருட்டயோ வாங்கி அட்ட போட்டுக் குடுத்துருமாம். இவ மட்டும் தனக்கத் தானே செய்யப் போறாளாம். என்னத்தட்டீன்னா, சிதறால் பக்கம் போகுத பஸ்ஸு எப்பம் வரும்னு போன்ல காட்டுமாம். நான் கேட்டேன், வராத பஸ்ஸுக்கு என்னத்துக்குட்டி கம்ப்யூட்டரு, என்னையக் கேளு, நான் சொல்லுதேன் வராதுன்னு. அது இல்ல மாமி, எத்தன பிள்ளையளு மழையில நிக்குது, வராதுன்னாவது தெரிஞ்சா வீட்டுல இருக்குமில்லான்னா. செரி, போன்னு விட்டேன்.

அதுக்குப் பஸ் ஸ்டாப்புல நிக்கணும், டிரைவர்ட்ட, கண்டக்டர்ட்ட நாலு வார்த்த கேக்கணும். அப்பிடி ஒரு நாளு கண்டக்டர்ட்டப் பேசிட்டு நிக்கத, எபினுக்க கூட்டாளி ஒருத்தன் உண்டே, அந்த லிஜோ, போட்டோ எடுத்து மஸ்கட்டுக்கு அனுப்பிட்டான். அந்தக் கண்டக்டருக்கு எனக்க வயசு இருக்கும். தலையில ஒரு முடி கெடையாது. அது போதும் எனக்க மவனுக்கு.

லீவுன்னு சொல்லாமக் கொள்ளாம வந்து எறங்கினான். வந்தவன் ஒரு வாய் வெள்ளம் குடிக்கல்ல. லேப்டாப்பத் தூக்கிட்டுப் போயி துணி அலக்குத கல்லுல போட்டு அடிச்சான். துணி அடிக்கது மாதிரியே. பொறவு அவள அடிச்சான். நான் அடுக்களையில இருந்து ஓடி வாறதுக்குள்ள அவ தரையில கெடந்தா, காதுல இருந்து ரத்தம். அவனுக்க அப்பன் எனக்க கூட எதுக்கெடுத்தாலும் சண்ட போடுவாரு, ஆனா சாகுத வரைக்கும் ஒரு தடவ கை ஓங்கினது கெடையாது. பின்ன இவன் எங்க இருந்து படிச்சான்னு எனக்கு இன்னும் பிடி கிட்டல்ல. நான் நடுவுல விழுந்தேன். மாறி நில்லு அம்மா, இது எனக்கும் எனக்க பெஞ்சாதிக்கும் உள்ள காரியம்னான். ஆபிசர்.

அவ குளிமுறியில வழுக்கி விழுந்தான்னு உங்கள்ட்ட சொன்னது அவன். நீங்களும் வந்து பாத்திய. ஓரஞ்சு வாங்கிட்டு வந்திய. காதுல கட்டுப் போட்டிருக்க பிள்ளையப் பாத்து, நடக்கும்போ பாத்து நடக்கணும் மக்கான்னு சொல்லிட்டுப் போனிய. வழுக்கி விழுந்தவளுக்குக் கன்னத்துல விரலு எப்பிடிப் பதியும்னு உங்களுக்குக் கேக்கத் தோணல்ல. ஹெட்மாஸ்டரா இருந்தவிய. அவளுக்க அப்பன் அதுக்கும் மேல. ஆம்பளைக்குக் கோவம் வரத்தான் செய்யும், அனுசரிச்சுப் போ மவளேன்னு சொல்லிட்டு, சோறு உண்டுட்டுப் போனாரு. நல்லா உண்டாரு.

மறுநாளு காலையில இவ எழும்பிக் குளிச்சுத் துணி மாத்துதா. எங்கட்டீன்னேன். இண்ணைக்கு வைவா மாமி, வெளிய உள்ள காலேஜ்ல இருந்து ஆளு வந்து கேள்வி கேப்பாவன்னா. லேப்டாப்புதான் போச்சே, என்னத்தக் கொண்டு காட்டுவன்னு கேட்டேன். எல்லாம் மேகத்துல கெடக்கு மாமின்னா. நான் நெனச்சேன், அடிச்ச அடியில பிள்ளைக்குப் புத்தி பிசகிட்டுதுன்னு. இல்ல, உள்ளதுதானாம். எங்கயோ தூரத்துல வச்சிருப்பாவளாம், எந்தக் கம்ப்யூட்டர்ல இருந்தும் எடுக்கலாமாம். அதுக்கு மேகம்னு பேரு வச்சிருக்கானுவ. நல்ல பேரு.

எபின் குடிச்சிட்டு ஒறங்கிட்டுக் கெடந்தான். நான் ஆட்டோ விளிச்சு அவளக் கொண்டு போனேன். ஆட்டோவுக்குள்ள நான் என்னவோ பேசிட்டே வாறேன், ஒண்ணுக்கும் பதில் இல்ல. கோவமாயிருக்கும்னு நெனச்சேன். கொஞ்ச தூரம் போன பொறவு அவளா திரும்பிப் பாத்துச் சொல்லுதா, மாமி, இந்தப் பக்கம் வந்து இருந்து பேசுங்க, அந்தப் பக்கம் கேக்கல்லன்னு.

இல்ல, ஒண்ணுமில்ல. கண்ணுல தூசி.

வைவாவுக்கு வந்தவரு கேட்ட கேள்விக்கெல்லாம் கழுத்தத் திருப்பித் திருப்பி நல்ல காதக் காட்டிக் காட்டிப் பதில் சொன்னா. நான் கதவுக்கு வெளிய செருப்புக் கூட்டத்துல நின்னு பாத்தேன். பாஸாயிட்டா. பொறவு நாகர்கோயில்ல ஒரு பெரிய டாக்டர்ட்டக் காட்டினேன். அந்தக் காது இனி கேக்காதுன்னாரு. எபின் அப்பமே மஸ்கட்டுக்குத் திரும்பிப் போயாச்சு. போகும்போ ஒரு செயினு போட்டுவிட்டுட்டுப் போனான், அதோட எல்லாம் செரியாச்சுன்னு அவனுக்கு நெனப்பு. இப்பம் பேமிலி விசாவும் எடுத்துட்டு வாறான், அவள அங்கயே கொண்டு போக. அங்க அவ தரையில விழுந்தா, அடுக்களையில இருந்து ஓடி வர யாரு உண்டு? நீங்க ஓரஞ்சு வாங்கிட்டுப் போவியளா?

ஆமா, வேலையும் கெடச்சுது. அதையும் கேட்டா சிரிப்பிய. டெஸ்டிங்காம். வேற ஆளு எழுதி வச்சிருக்கதுல குத்தம் எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும். அதுக்கு மாசாமாசம் சம்பளம். ஏட்டி, இது மாமியாருக்க வேலயில்லா, நான் எத்தன வருசமா சும்மா செய்யுதேன்னேன்.

என்ன, மறுபடியும் அவனுக்குப் போன் அடிக்கியளா? அடிங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. என்ன சொல்லுது? சுவிட்ச் ஆப்பா? செரியாக் கேட்டியளா? இன்னும் ஒருக்கா அடிச்சுப் பாருங்க. ஆப்தானே? அப்பம் ஏறிட்டான். பிளைட்டு எடுத்தாச்சு. கொள்ளாம். இனி நீங்க யாருக்க கூட வேணும்னாலும் பேசலாம் அண்ணா, நான் தடுக்க மாட்டேன்.

ரெஜிலா வெளிய போயிருக்கான்னு சொன்னது பொய்யில்ல. போன மாசமே போயிட்டா, அந்த டெஸ்டிங் வேலைக்கு. நாந்தான் பெட்டி எடுத்துக் குடுத்து ரயில் ஏத்திவிட்டேன். போன்ல கேமரா கெட்டுப்போச்சுன்னு சொல்லி, நேத்து வரைக்கும் எபினுக்க கூட வெறும் பேச்சுத்தான், வீட்டுல இருக்கது மாதிரியே. எந்த ஊருன்னு என்னைய அடிச்சுக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். கேஸா? அவ வேண்டாம்னுதான் சொன்னா. எனக்கு நிம்மதியா வேல பாத்தா போதும் மாமின்னு. கேஸு குடுத்தது அவளுக்க அப்பனா? அந்த மனுசனுக்கு ஸ்டேசன் எந்தத் திசையில இருக்குன்னு தெரியுமா?

நாந்தான் அண்ணா போனேன். டாக்டரு சீட்டையும் கொண்டு, மகளிர் ஸ்டேசனுக்கு. கண்ணால கண்டவ நாந்தானே. அங்க இருந்த இன்ஸ்பெக்டரம்மா எழுதினத வாசிச்சுட்டு, சொந்த மவன்தானேன்னு கேட்டாவ. ஆமான்னேன். வேற பிள்ளையளு உண்டான்னு கேட்டாவ. இல்ல, இவன் ஒருத்தன்தான்னேன். அதையும் எழுதி வச்சாவ. அவன் நாட்டுக்குள்ள கால் குத்தட்டும் அம்மா, எறங்குத இடத்துலயே எடுத்துக்கலாம், அது வரைக்கும் விசயம் அவனுக்கு எட்டிரப்பிடாதுன்னு சொன்னாவ. உங்களுக்குத் தெரிஞ்சா அவனுக்குத் தெரிஞ்சிரும்லா. அதுனாலதான் இம்புட்டு நேரம் பேசிட்டு இருந்தேன்.

நீங்க காரத் திருப்பி வீட்டுக்குப் போங்க அண்ணா. அவன அழைக்க வேற வண்டி போயிருக்கு.