பாடைப் பந்தல்

ரயில் வராத காலம். கரிசல் காட்டுக்குள்ளே நத்தக்குளம்னு ஒரு ஊர். அந்த ஊர்ல சடையாண்டின்னு ஒருத்தர் இருந்தாராம். என்ன வயசு? அவருக்கே தெரியாது. மூத்த மகன் முத்திருளனுக்கே பல்லெல்லாம் கொட்டிப் போச்சு. நீங்களே பார்த்துக்கோங்க.

ஒருநாள் படுத்தார். கஞ்சி இறங்கலை. கண்ணும் திறக்கலை. அவ்வளவுதான், ஊர் கூடிருச்சு. அந்த வயசுல போனா கல்யாணச் சாவு இல்லையா? மேளக்காரங்க வந்து வேப்பமரத்தடியில உட்கார்ந்தாச்சு. வந்த சனத்துக்கு உலை வச்சாச்சு. அவசரக்காரப் பயல் ஒருத்தன் பச்சை மூங்கில் வெட்டிப் பாடையும் கட்டிட்டானாம். எல்லாம் தயார். ஆள் மட்டும் போகலை.

சடையாண்டிக்கு ஒண்ணு பாக்கி இருந்தது. வாலிபத்துல மாடு கட்டி இறைக்கிற கமலைக் கிணத்துல விழுந்தவரைக் குதிச்சுத் தலைமுடியைப் பிடிச்சு இழுத்துப் போட்டவன் பக்கத்துப் புஞ்சைக்காரன் குருவையா. மேலே ஏறினதும் குருவையா சொன்னானாம், "உன்னால என் வேட்டி கிழிஞ்சு போச்சுடா." அதுல வந்த கோபம். ஒரு நல்ல வார்த்தை சொல்லாம வந்துட்டார். அன்னைக்கிலிருந்து ரெண்டு பேருக்கும் வரப்புச் சண்டை. படுத்துக் கிடக்கையில காடு நினைப்புக்கு வரலை, மாடு வரலை, கட்டின வீடு வரலை. மண்டையில அந்த முடி இழுத்த வலிதான் வந்துச்சாம். சொல்லாம விட்ட அந்த நல்ல வார்த்தையைச் சொல்லிட்டுத்தான் போகணும்னு நினைச்சார்.

சொல்லலாம்னு வாயைத் திறந்தார்.

"அய்யாவுக்கு மண்ணாசை!" என்றார் முத்திருளன். புஞ்சை மண்ணைக் கரைச்சு வாயில ஊத்திட்டாங்க.

முழுங்கிட்டு மறுபடியும் வாயைத் திறந்தார்.

"மண்ணு இல்லைப்பா, பொன்னாசை!" தாலியை உரசின தண்ணி வந்து விழுந்துச்சு.

மறுபடியும் திறந்தார்.

"மோர் ஆசையா இருக்குமோ?" அதையும் ஊத்தினாங்க.

மனுசன் ஆசையில சாகறாரோ இல்லையோ, மூச்சு முட்டிச் செத்திருப்பார். மேளக்காரர் வேற எட்டிப் பார்த்து, "ஏங்க, எப்போ ஆகும்? எங்களுக்கு இன்னொரு ஊர் போகணும்" என்றாராம்.

அடுத்த செம்பு வந்துச்சு. சடையாண்டி பல்லில்லாத வாயை இறுக்கி மூடினார். செம்பைப் பிடுங்கி வீசினார்.

"குருவையாவைக் கூப்பிடுங்கடா, கூறு கெட்டவங்களா!"

மருமக வேலாயி ஓடினா. குருவையா கயித்துக் கட்டில்ல உட்கார்ந்திருந்தார்.

"மாமா, உங்களை வரச் சொல்றாக. ஏதோ ஒரு வார்த்தை சொல்லணுமாம். சொல்லாமப் போக மாட்டாராம்."

"வரமாட்டேன் தாயி."

"இன்னுமா கோபம்?"

"கோபமாவது மண்ணாவது. நான் வந்தா அவன் சொல்லிருவான். சொல்லிட்டா போயிருவான். அப்புறம் நான் வரப்புல யாரோட சண்டை போடுறது? உன் புருசனோடயா? அவனுக்கு ஒழுங்கா வையக்கூடத் தெரியாது."

வேலாயி வந்து சொன்னா. சடையாண்டிக்கு வந்துச்சு பாருங்க கோபம். "அவன் வரமாட்டானா? நான் போறேன்டா!" எழுந்துட்டார். கோமணத்தை இறுக்கிக் கட்டினார். நடந்தார்.

பெரியவர் கிளம்பிட்டார்னதும் மேளக்காரங்களுக்குக் கை நிக்கலை, அடிச்சுட்டாங்க. மேளம் கிளம்பினதும் பாடை தூக்க வந்தவங்களும் பழக்கதோஷத்துல வெறும் பாடையைத் தூக்கிட்டாங்க. ஊரே பின்னால போச்சாம்.

தெருமுனையில மேளம் கேட்டுச்சு. குருவையா நெஞ்சுல அடிச்சுக்கிட்டார். "போயிட்டியாடா பாவி! என்கிட்ட சொல்லாமலே போயிட்டியா!" துண்டால வாயைப் பொத்திக்கிட்டு வாசலுக்கு வந்தார். பாடை வருது. பாடைக்கு முன்னாலே பிணம் நடந்து வருது.

"டேய் குருவையா" என்றார் சடையாண்டி. மூச்சு வாங்குச்சு. "இது நீ இழுத்துவிட்ட உசிருடா. இத்தனை காலமும் நல்லாத்தான் இருந்துச்சு. உன்னோட போட்ட சண்டையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

குருவையா சடையாண்டியின் கையைப் பிடிச்சுக்கிட்டார். "சொல்லிட்டேல்ல? இப்பச் செத்திராதடா."

"சாகிறதா? பசிக்குதுடா. மண்ணா ஊத்தியிருக்கானுக. முதல்ல சோத்தைப் போடு."

சாவுக்கு வச்ச உலையில வெந்த சோத்தை அங்கேயே கொண்டாந்து இறக்க, ரெண்டு பேரும் ஒரே பந்தியில சாப்பிட்டாங்களாம்.

வெறும் பாடையை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோகக் கூடாதே. சண்டை வரப்பு மேல நாலு கால் நட்டு அதை ஏத்தி, புடலங்கொடியைப் படர விட்டாங்க. அடுத்த வருசமே, எந்தப் பக்கம் தொங்குற காய் யாருக்குன்னு ரெண்டு பேரும் புதுச் சண்டை ஆரம்பிச்சுட்டாங்க. வெகு காலம் போட்டாங்களாம்.

அந்த இடத்துக்குப் பேரு இன்னைக்கும் பாடைப் பந்தல். வருசா வருசம் பச்சை மூங்கில் மாத்துறாங்க. முதல் காயைப் பறிக்கிறவன் அதைத் தன் எதிராளி வீட்டுக்குத்தான் கொண்டுபோய்க் கொடுக்கணும். நத்தக்குளத்துல யார் இழுத்துக்கிட்டுக் கிடந்தாலும் வாயில எதையும் ஊத்த மாட்டாங்க. காதுகிட்ட குனிஞ்சு, "யாரைக் கூப்பிடணும்?"னு கேட்பாங்க. பாதிப் பேர் எழுந்து உட்கார்ந்து வெற்றிலை கேட்டிருக்காங்களாம்.

அவ்வளவுதான். எழுந்து போங்க. போற வழியில சொல்ல வேண்டியவன் எவனாவது இருந்தா, சொல்லிட்டுப் போங்க.