வாசல் புங்கமரத்து முடிச்சை எங்களிடம் விட்டுச் செல்லும் ஏலவார்குழலி அம்மையாருக்கு

கச்சி மாநகர் கண்டெடுத்த கனிந்த நெஞ்சே! குப்பைமேட்டைக் கொழுந்துவிடச் செய்த கொடைக்கையே! பிள்ளைகளின் பிஞ்சு விரல்களில் மண்ணை அள்ளி வைத்து, இதுவும் பாடமே என்று பரிவோடு பகர்ந்த பெருந்தகையே! எங்கள் பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் இயற்கை அறிவியல் ஆசிரியையும், பூந்தோட்டக் கழகத்தைத் தோற்றுவித்த செயலாளருமாகிய ஏலவார்குழலி அம்மையீர்! வணக்கம், வணக்கம், மீண்டும் வணக்கம்!

மூன்று முறை வணக்கம் சொன்னதற்குப் பணிவு ஒரு காரணம். அடுத்து என்ன சொல்வது என்ற கலக்கம் இன்னொரு காரணம். இம்மடலை எழுதும்படி ஆசிரியர் குழுவினர் பணித்தது தமிழாசிரியனாகிய கைலாசத்தை. அவன் எதற்கும் பயப்படுகிறவன் என்பது தாங்கள் அறிந்ததே. மழை வந்தால் வெள்ளம் வருமோ என்பான், வராவிட்டால் கிணறு வற்றுமோ என்பான். அவன் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டு, மகிழ்ச்சியாக எழுதுங்கள் ஐயா என்றால் எப்படி!

குணக்குன்றே! பள்ளிக்கு அடுத்த சத்திரத்து மனையில் திருவிழா எச்சில் இலையும் சாயப்பட்டறைக் கழிவும் மலையாய்க் குவிந்து கிடந்த காலம் எங்கள் மூக்குக்கு இன்னும் மறக்கவில்லை. அங்கே லாரிக் கொட்டகை போடச் சத்திரத்து நிர்வாகி அப்பாதுரையார் ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது, தாங்கள் நேரே அவர் வீட்டு வாசலில் போய் நின்றீர்கள். “அட இன்னா டீச்சர், குப்பையில போயி பூச்செடி வெக்கிறேன்றீங்களே!” என்று சிரித்தவர், தங்கள் பிடிவாதத்துக்கு முன் கடைசியில் இறங்கி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனையும் போட்டார். “மரம் பச்சையா இருக்கிற வரைக்கும் எடம் உங்குளுது. எந்த மரம் காயுதோ அந்த எடத்துல லாரி நிக்கும். அப்புறம் என்ன வந்து கேக்கக் கூடாது.”

அந்த வார்த்தையைக் கேட்ட நாள் முதல் எங்களுக்குத் தூக்கம் சரியில்லை. அதிலும் வாசலை மறித்து நிற்கும் புங்கமரம் இருக்கிறதே, அது காய்ந்தால் லாரி உள்ளே வர வழி திறந்துவிடும். வழி திறந்தபின் மற்ற மரங்களை யார் காப்பாற்றுவது?

தாங்களோ கலங்கவில்லை. ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு கன்று என்று பகிர்ந்தளித்தீர்கள். வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர், சனிக்கிழமை காலையில் களையெடுப்பு, மரத்தடியிலேயே இலை நரம்புப் பாடம்! தேரடி தொடங்கிப் பேருந்து நிலையம் வரை இன்று நிழல் தரும் பூவரசுகள் எல்லாம் தங்கள் மாணவியர் நட்டவை. எந்தக் கன்று யாருடையது என்று தெரிய, அவரவர் வீட்டுத் தறியில் மிஞ்சிய பட்டு நூலைக் கன்றில் கட்டிவரச் சொன்னீர்கள். அரக்குச் சிவப்பும் மாம்பழ மஞ்சளும் மயில் கழுத்து நிறமுமாகத் தோட்டமே கல்யாண வீடு போல இருந்தது.

அங்கேதான் வந்தது வினை! கோயில் நகரத்தார் கண்ணில் நூல் கட்டிய மரம் பட்டால் கை சும்மா இருக்குமா? மகளுக்கு மணம் கூட வேண்டும், மருமகளுக்குப் பிள்ளை பிறக்க வேண்டும் என்று தாய்மார்களும் வந்து வேண்டுதல் நூல் கட்டத் தொடங்கினார்கள். வேறு ஊராக இருந்தால் மஞ்சள் கயிறு கட்டியிருப்பார்கள். அடுத்த மழைக்காலத்தில் அது இற்று விழுந்திருக்கும். நம் ஊரில் கைக்குக் கிடைத்தது முறுக்கேறிய பட்டு. தாங்களும் தடுக்கவில்லை, நாங்களும் தடுக்கவில்லை, ஊரே பக்தியாயிற்று என்று பூரித்துப் போனோம்.

சில ஆண்டுகள் கழித்து இலைகள் மஞ்சளிக்கத் தொடங்கின. தண்ணீர் போதவில்லை என்று மேலும் ஊற்றினோம். எரு போட்டோம், கடலைப் பிண்ணாக்கு போட்டோம், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். எதற்கும் கேட்கவில்லை. அப்பாதுரையார் அடிக்கடி உலாவ வந்து, “டீச்சர், லாரிக்கு எடம் ரெடி ஆயிக்கினு இருக்குது போல!” என்று கேலி செய்து போனார்.

கூர்மதி கொண்ட கோமகளே! புங்கமரத்தடியில் குனிந்து, நூலுக்கு அடியில் நகத்தை நுழைக்கப் பார்த்து, நுழையாமல் திடுக்கிட்டு நிமிர்ந்தீர்களே, அந்த முகம் எங்களுக்கு மறக்காது. மரம் பருத்துவிட்டது, பட்டு விட்டுக்கொடுக்கவில்லை. நாம் ஆசையாகக் கட்டிய நூலே பட்டையை அறுத்து மரத்தின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது!

கத்தரிக்கோலோடு கிளம்பினோம். தாய்மார்கள் மறித்துக்கொண்டார்கள். “வேண்டுதல அறுக்குறதா? வாய் கூசாம சொல்றீங்களே!” என்று ஒரே கூச்சல். வாசல் புங்கமரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நின்றார் செல்லியம்மாள். அவருடைய மகன் பழனி பம்பாய்க்கு மில் வேலைக்குப் போனவன்; போன பிறகு ஒரு தகவலும் இல்லை. அவன் ரயிலேறிய அன்று அந்தத் தாய் கட்டிய நூல் அது. “எம் புள்ள வர்ற வரைக்கும் இத எவனும் தொடக் கூடாது. தொட்டா நான் இங்கியே உழுந்து செத்துடுவேன்” என்று அழுதபோது எங்கள் கத்தரிக்கோல்கள் தாமாகவே பைக்குள் போயின.

தறி வீட்டில் பிறந்த தாங்கள் அப்போது சொன்ன சொல்லை இங்கே பொறிக்கிறோம். “ஏம்மா செல்லி, தறியில பாவு நூலு தீர்ந்தா புதுப் பாவு நூல எடுத்துப் பழசோட முறுக்கிப் பிணைக்கிறோமே, அத அறுத்துட்டோம்னா சொல்றோம்? நூலு நீளுது, அவ்ளோ தாம்மா.” பட்டு வழுக்காதிருக்க விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, முடிச்சை மெல்ல அவிழ்த்து, பழைய நூல் கீழே விழாமல் பிடித்தபடி புதுப் பட்டை அதோடு முறுக்கிச் சேர்த்து, மரம் மூச்சு விடுமளவு தளர்வாய்க் கட்டினீர்கள். செல்லியம்மாள் அழுகையை நிறுத்தினார். மற்ற தாய்மார்களும் ஒருவர் பின் ஒருவராகத் தத்தம் நூலுக்குச் சாம்பலோடு வந்தார்கள். அடுத்த மழையில் மரங்கள் துளிர்த்தன. அன்று முதல் தை பிறந்தால் நூல் நீட்டுவது நம் தோட்டத்தின் வழக்கமாயிற்று.

ஆனால் அம்மையீர், அந்த வாசல் மரத்து முடிச்சை மட்டும் தங்கள் கை தவிர வேறு கை தொட்டதில்லையே! பழனியும் இன்னும் வரவில்லை. தாங்கள் ஓய்வு பெற்றுத் திருத்தணிக்கு மகள் வீட்டுக்குப் போகிறீர்கள் என்ற செய்தி பரவியதும், அப்பாதுரையார் வாசலில் வந்து நின்று, “அந்த மரத்த இனிமே யாரு பாத்துப்பாங்க?” என்று கேட்டார். இம்முறை அவர் சிரிக்கவில்லை. அதுதான் எங்களை இன்னும் பயமுறுத்தியது. தையல் ஆசிரியை தம் கையை நீட்டினார், செல்லியம்மாள் வேண்டாம் என்றார். தாவர இயல் படித்த புது ஆசிரியை போய்க் கேட்டார், அவருக்கும் அதே பதில்.

“மரம் காயுற கதையெல்லாம் மடல்ல எதுக்கு ஐயா? கண்ணாடி போட்டு மாட்டப் போறாங்க” என்று தலைமையாசிரியை எச்சரித்தார்கள். அவர்கள் சொல்வது சரி. ஆயினும் இன்று காலை நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. செல்லியம்மாள் ஆசிரியர் அறைக்கு வந்து, எல்லார் கையையும் ஒருமுறை பார்த்துவிட்டு, “இந்த ஐயாவே செய்யட்டும்” என்று கைலாசமாகிய என்னைக் காட்டினார். எனக்கு உயிரே போய்விட்டது. “ஐயோ, வேணாம்மா! எனக்குக் கை நடுங்கும். சாக்பீஸே நிக்காது” என்றேன்.

“அதுக்குத்தான் ஐயா நீங்க வேணும்” என்றார் அவர். “தெகிரியமா இருக்கிறவங்க வெடுக்குனு இழுத்துடுவாங்க. நீங்க பயந்து பயந்து அவுப்பீங்க.”

தையில் செய்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

அன்பின் வடிவே! ஆற்றலின் உறைவிடமே! நூறாண்டு நோயின்றி வாழ்க, மக்களும் பேரரும் சூழ மகிழ்ந்து வாழ்க என்று மனமார வாழ்த்துகிறோம். அந்த நூறில் வரும் தை மாதத்தை மட்டும் எங்களுக்குத் தந்துவிடுங்கள். திருத்தணி பஸ் ஏறினால் மதியத்துக்குள் வந்துவிடலாம். சாம்பலும் பட்டும் தயாராக இருக்கும். செல்லியம்மாள் பழைய நூலின் ஒரு நுனியைப் பிடித்திருப்பார், மறு நுனியை நான் பிடித்திருப்பேன். தாங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். பக்கத்தில் நின்று, “மெதுவா, ஐயா” என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

இங்ஙனம்,
தங்களைப் பிரிய மனமில்லாத
ஆசிரியப் பெருமக்கள், அலுவலர்கள், பூந்தோட்டக் கழக மாணவியர்
பெரிய காஞ்சிபுரம்
வைகாசித் திங்கள், 1973